சவுண்டீஸ்: வாயசைத்த படத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

ஒரு வாசகர் கேட்டது, 11 ஜூன் 2022

1940களின் சவுண்டீஸ் படங்களை ஜாஸ் ரசிகர்கள் ஏன் இப்படித் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள்? மூன்று நிமிடப் படம். பாட்டை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டுக் கேமரா முன்னால் வாயசைக்கிறார்கள், வாத்தியக்காரர்கள் வாசிப்பதாகப் பாவனை செய்கிறார்கள். ஸ்விங் என்கிற ஜாஸ் துள்ளல் அந்த நொடியில் அங்கேயே பிறக்க வேண்டிய சரக்கு. ஆக இது பொய்தானே? கேட்க வேண்டுமென்றால் ரிக்கார்டு இருக்கிறது. நிஜமாகப் பார்க்க வேண்டுமென்றால் ‘ஜாமின் த ப்ளூஸ்’ குறும்படம் இருக்கிறது. மிச்சமெல்லாம் குப்பை என்கிறேன். யாராவது மறுத்துச் சொல்லுங்கள்.

11 ஜூன் 2022, இரவு

மறுக்கிறேன். முதல் மறுப்பு சின்னது: நீங்கள் நிஜம் என்று சொல்லும் ‘ஜாமின் த ப்ளூஸ்’ படமும் அதே முறையில் எடுத்ததுதான். 1944இல் வார்னர் பிரதர்ஸுக்காக கியான் மிலி என்ற புகைப்படக்காரர் இயக்கினார். இசைக்காரர்களைச் சேர்த்தது நார்மன் கிரான்ஸ். இசையை முதலில் பதிவு செய்துகொண்டார்கள், பிறகு அதை ஒலிக்கவிட்டு ஷாட் ஷாட்டாக எடுத்தார்கள். சாக்ஸபோன்காரர் லெஸ்டர் யங் புகை நடுவில் கண்ணை மூடி ஊதுகிறாரே, அதுவும் ஏற்கெனவே ஊதி முடித்த சோலோதான்.

ஆகப் பொய், நிஜம் என்று கோடு போட்டால் இரண்டும் ஒரே பக்கம்தான் விழும். மிச்சத்தை நாளை எழுதுகிறேன்.

12 ஜூன் 2022

சவுண்டீஸ் என்றால் என்னவென்றே தெரியாதவர்களும் படிக்கிறார்கள் போல. சுருக்கமாகச் சொல்கிறேன்.

சிகாகோவில் மில்ஸ் நாவல்டி என்று ஒரு கம்பெனி. காசு போட்டுச் சூதாடும் ஸ்லாட் மெஷின் செய்வதில் பெரிய ஆட்கள். தானே வயலின் வாசிக்கும் ‘வயலானோ’ என்ற மின்சார இயந்திரத்தையும் அவர்கள்தான் விற்றார்கள். 1940இல் பானரம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஆள் உயரத்துக்கும் மேலான மர அலமாரி, மேல் பாதியில் திரை, உள்ளே 16 எம்எம் புரொஜெக்டர். பார், ஓட்டல், பஸ் நிலையம் மாதிரி இடங்களில் வைப்பார்கள். 10 சென்ட் போட்டால் ஒரு பாட்டு ஓடும். ஜூக்பாக்ஸில் அப்போது ஒரு ரிக்கார்டு கேட்க 5 சென்ட்தான்.

இதற்காகவே எடுத்த படங்கள்தான் சவுண்டீஸ். 1946 வாக்கில் கடையை மூடுவதற்குள் 1,800க்கும் மேல் எடுத்துத் தள்ளிவிட்டார்கள். ஆரம்பத்தில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மகன் ஜேம்ஸும் கூட்டு. எல்லாமே ஸ்விங் இல்லை. கௌபாய் பாட்டு, ஹவாய் பாட்டு, போல்கா, அசட்டு நகைச்சுவை, காலைக் காட்டி ஆடும் பெண்கள் என்று கலந்துகட்டித்தான் இருக்கும்.

முக்கியமான சங்கதி இனிமேல்தான். ஒரு சுருளில் எட்டுப் படங்கள், முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். காசு போடுகிறவருக்குத் தேர்வே கிடையாது. போன ஆள் எதைப் பார்த்துவிட்டுப் போனாரோ, அதற்கு அடுத்ததுதான் உங்களுக்கு. ஜாஸ் குழுத் தலைவர் டியூக் எலிங்டன் வேண்டும் என்றால் நடுவில் வரும் மற்ற ஏழு படங்களையும் காசு கொடுத்துப் பார்த்தாக வேண்டும். ஜூக்பாக்ஸைவிட இரட்டிப்புக் காசு, அதிலும் வாய்ப்பது அதிர்ஷ்டம். ஸ்லாட் மெஷின்காரர்கள் வேறு எப்படி யோசிப்பார்கள்?

12 ஜூன் 2022, பிற்பகல்

ஒருவர் கேட்கிறார், மில்ஸ் பிரதர்ஸ் பாடகர்கள் இந்தக் கம்பெனி வீட்டுப் பிள்ளைகளா என்று. இல்லை. எலிங்டனின் மேனேஜராக இருந்த இர்விங் மில்ஸும் வேறு ஆள். மூவருக்கும் சம்பந்தம் இல்லை. குழப்பத்தைக் கூட்டுவதற்கென்றே மில்ஸ் பிரதர்ஸ் மில்ஸ் கம்பெனி இயந்திரத்துக்காக, டாரதி டாண்ட்ரிட்ஜோடு ‘பேப்பர் டால்’ படத்தில் நடித்தார்கள்.

14 ஜூன் 2022

இப்போது வாயசைப்புக்கு வருகிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் சொந்த அனுபவம் உண்டு. நான் பல வருடம் மெல்லிசைக் குழுவில் ட்ரம்பெட் வாசித்தவன். ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டார்கள். போனால், பாட்டு ஏற்கெனவே பதிவாகி இருக்கிறது, நீங்கள் சும்மா பிடித்துக்கொண்டு நில்லுங்கள் என்றார்கள். நான் வாசித்த பதிவுகூட இல்லை, வேறு யாரோ வாசித்தது.

அன்றைக்குத் தெரிந்துகொண்டேன், ஊதாமல் ஊதுவது எவ்வளவு கஷ்டம் என்று. விரலைச் சரியாக வைத்துவிடலாம். மூச்சு மாட்டிக்கொடுத்துவிடும். ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குள் தோள் லேசாக ஏறி இறங்கும். மேல் ஸ்வரத்துக்குப் போகும்போது கழுத்து இறுகும், கண்ணோரம் சுருங்கும். இதையெல்லாம் நடிக்க முடியாது, அல்லது நடித்தால் அசிங்கமாக இருக்கும். பாதிப் பாட்டுக்கு மேல் பொறுக்கமாட்டாமல் உண்மையிலேயே மெல்ல ஊத ஆரம்பித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த சாக்ஸபோன்காரரும் அப்படியே. அரங்கில் எங்கள் சத்தம், ஸ்பீக்கரில் வேறு யாருடைய சத்தமோ. யாரும் கண்டுகொள்ளவில்லை.

அதன் பிறகு சவுண்டீஸைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. லூயி ஆர்ம்ஸ்ட்ராங் 1942இல் சில படங்கள் செய்தார். அதில் அவர் ட்ரம்பெட்டை உதட்டில் வைக்கும் முன் செய்கிற ஆயத்தத்தைப் பாருங்கள். அந்த உதட்டுக்கும் கழுத்துக்கும் என்ன வேலை என்பது ரிக்கார்டில் வராது. ‘ஸ்விங்கிங் ஆன் நத்திங்’ படத்தில் வெல்மா மிடில்டன் பாடி ஆடுவதைப் பாருங்கள். நல்ல கனத்த உடம்பு, சிரித்துக்கொண்டே இரண்டு காலையும் விரித்துத் தரையில் உட்கார்ந்து எழுவார். அதில் பொய் எங்கே இருக்கிறது?

நம் சினிமாக்காரர்கள் நாகரா என்ற டேப் கருவியில் பாட்டைப் போட்டு எடுத்த காட்சிகளை எத்தனை தலைமுறையாகப் பார்க்கிறோம்! அங்கே பாடுகிறவர் ஒருவர், வாயசைப்பவர் வேறொருவர். சவுண்டீஸில் பெரும்பாலும் தன் குரலுக்குத் தானே வாயசைக்கிறார். அந்த வகையில் நம்மைவிட ஒரு படி நேர்மை அதிகம் என்றுகூடச் சொல்லலாம். (சும்மா சொன்னேன், சண்டைக்கு வராதீர்கள்.)

14 ஜூன் 2022, சற்று நேரம் கழித்து

பெரும்பாலும் என்று சொன்னதை அழுத்திப் படிக்கவும். எல்லாப் படத்திலும் அல்ல. சிலவற்றில் குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் வாசித்தவர்களே இல்லை. குறிப்பாகச் சின்னப் பாடகர்களின் படங்களில், அழகான நான்கு பெண்களிடம் ஆளுக்கு ஒரு வாத்தியத்தைக் கொடுத்து உட்காரவைத்துவிடுவார்கள். கிடாரில் இடது கை ஒரே இடத்தில் உறைந்திருக்கும். அதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

17 ஜூன் 2022

“ரிக்கார்டு இருக்கிறதே” என்ற வாதத்துக்குப் பதில் சொல்லாமல் விட்டிருந்தேன்.

சவுண்டீஸில் கேட்பது கடையில் விற்ற ரிக்கார்டின் நகல் இல்லை. படத்துக்கென்று தனியாகப் பதிவு செய்வார்கள். எலிங்டனின் ‘காட்டன் டெயில்’ 1940இல் ரிக்கார்டாக வந்தது. 1941இல் அதையே ‘ஹாட் சாக்லேட்’ என்ற பெயரில் சவுண்டியாக எடுத்தார்கள். பென் வெப்ஸ்டரின் டெனர் சாக்ஸ் சோலோ இரண்டிலும் உண்டு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். நான் ரிக்கார்டு கட்சிதான். ஆனாலும் சவுண்டியில் வேகமும் ஆட்டக்காரர்களை உள்ளே இழுக்கிற அவசரமும் சேர்ந்து வேறொரு சூட்டைக் கொடுக்கின்றன.

இன்னொன்று. 1942 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க இசைக் கலைஞர்கள் சங்கம் ரிக்கார்டு கம்பெனிகளுக்கு வாசிப்பதை நிறுத்தியது. தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ. ரிக்கார்டும் ஜூக்பாக்ஸும் நேரில் வாசிப்பவனின் பிழைப்பைக் கெடுக்கின்றன, அதனால் உரிமைத்தொகை கொடு என்பதுதான் கோரிக்கை. டெக்கா 1943இல் இறங்கிவந்தது. விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பர் வரை இழுத்தன. ஸ்விங் உச்சியில் இருந்து பிபாப் என்ற புது ஜாஸ் பாணியின் பக்கம் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. ரிக்கார்டில் ஓட்டை விழுந்த இடம் அது. படம், வானொலி என்று வேறு வழியில் மிஞ்சிய ஒவ்வொரு துண்டுக்கும் அதனால்தான் இவ்வளவு மதிப்பு.

மெல்லிசைக் குழுவில் இருந்தவன் என்ற முறையில் பெட்ரில்லோ மேல் எனக்குக் கொஞ்சம் பிரியம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். டேப்பைப் போட்டு ஆடினால் போதும் என்று கல்யாண வீட்டுக்காரர்கள் முடிவு செய்த காலத்தைப் பார்த்தவன் நான்.

18 ஜூன் 2022

‘ஹாட் சாக்லேட்’ பற்றிப் போகிற போக்கில் சொல்லிவிட்டேன், அது நியாயம் இல்லை. அதில் ஆடுகிறவர்கள் வைட்டீஸ் லிண்டி ஹாப்பர்ஸ், லிண்டி ஹாப் என்ற ஜோடி ஆட்டக் குழு. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் சவாய் பால்ரூம் என்ற ஆட்ட அரங்கில் வளர்ந்த கூட்டம். அதே 1941இல் ‘ஹெல்ஸபாப்பின்’ என்ற முழுநீளப் படத்திலும் இவர்கள் ஆட்டம் உண்டு. ஜோடி ஜோடியாக வந்து, பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றி, கால் தரையில் படுவதற்குள் அடுத்த அடி.

போர் வந்தது, ஆட்கள் ராணுவத்துக்குப் போனார்கள், குழு கலைந்தது, இசையும் மாறியது. ஃபிராங்கி மேனிங் என்ற பெரிய ஆட்டக்காரர் பிறகு பல வருடம் தபால் துறையில் வேலை பார்த்தார். 1980களில் ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் சில இளைஞர்கள் இந்தப் பழைய படத்துண்டுகளைப் பார்த்து, திரும்பத் திரும்ப ஓட்டி, அடவு அடவாகப் பிரித்து, ஆடியவர்கள் யார் என்று தேடிக்கொண்டு போனார்கள். ஆல் மின்ஸ் அகப்பட்டார், ஃபிராங்கி மேனிங் அகப்பட்டார். மேனிங் தொண்ணூறு வயது தாண்டியும் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். இன்று உலகத்தில் எங்கே லிண்டி ஹாப் ஆடினாலும் அந்தக் கால்களில் பாதி இந்தப் படச்சுருளில் இருந்து வந்தது.

இதையா குப்பை என்கிறீர்கள்? ஆடுகிறவருக்குப் பதிவான பாட்டு ஓடினால் என்ன, நேரில் வாசித்தால் என்ன, கால் கால்தானே?

18 ஜூன் 2022, இரவு

ஒருவர் பதில் போட்டிருக்கிறார்: “எடிட்டர் நடுவில் குழுவின் முகத்தைக் காட்டி ஆட்டத்தை வெட்டிவிடுகிறாரே.” ஆமாம். அந்த எடிட்டரை என் கையில் கொடுத்தால் நானும் நாலு கேள்வி கேட்பேன்.

23 ஜூன் 2022

இத்தனை நாள் ஒரே புகழ்ச்சியாக எழுதியிருக்கிறேன். திரும்பப் படித்தால் எனக்கே கொஞ்சம் இடிக்கிறது.

சவுண்டீஸில் கறுப்பினக் கலைஞர்கள் நடித்தவை 300க்கும் மேல். அன்றைய ஹாலிவுட் பெரிய படங்களில் அவர்களுக்குக் கிடைத்த இடம் வேலைக்காரி, ரயில் போர்ட்டர். பாட்டுக் காட்சி கிடைத்தாலும் கதையோடு ஒட்டாமல் தனியாக வைப்பார்கள், தென் மாநிலங்களில் அதை மட்டும் கத்தரித்து எடுத்துவிட வசதியாக. அதோடு ஒப்பிட்டால் மூன்று நிமிடம் முழுக்கத் திரையில் அவர்களே இருப்பது பெரிய விஷயம்தான்.

ஆனால் எந்தக் கோலத்தில் நிறுத்தினார்கள்? பருத்தி மூட்டை, தர்பூசணி, காட்டுவாசி உடை, பகடை உருட்டும் கும்பல் என்று வெள்ளையர் முகத்தில் கறுப்பு பூசிக் கறுப்பினத்தவரைக் கேலி செய்த பழைய மின்ஸ்ட்ரல் மேடையின் மட்டமான சரக்கெல்லாம் இங்கேயும் வந்து இறங்கியது. சவுண்டீஸுக்கு முன்பே இந்த வழக்கம் உண்டு. 1932இல் வந்த ‘எ ராப்ஸடி இன் பிளாக் அண்ட் ப்ளூ’ என்ற தியேட்டர் குறும்படத்தில் ஆர்ம்ஸ்ட்ராங்குக்குச் சிறுத்தைத் தோல் சுற்றி, சோப்பு நுரைக்கு நடுவே நிற்கவைத்தார்கள். அந்தக் கோலத்திலும் அவர் ஊதுகிற ஊதலைக் கேட்டால் உடை மறந்துபோகும் என்று பலர் எழுதுவார்கள். எனக்கு மறந்துபோவதில்லை. இரண்டும் சேர்ந்தேதான் தெரிகின்றன. அப்படித் தெரிவதுதான் சரி என்றும் நினைக்கிறேன்.

வாயசைப்பு இதற்கு வசதி செய்துகொடுத்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இசை பத்திரமாகப் பதிவாகிவிட்டது, இனி ஆளை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், என்ன வேண்டுமானாலும் உடுத்தலாம். நேரடி ஒலிப்பதிவில் இவ்வளவு விளையாட முடியாது. 1929இல் டட்லி மர்ஃபி எடுத்த ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ படத்தில் ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் பார் மேஜையில் சாய்ந்து நின்று, குடித்த முகத்தோடு பாடுவார். ஒலி அங்கேயே பிடித்தது. சுற்றிலும் ஹால் ஜான்சன் பாடகர் குழு, பியானோவில் ஜேம்ஸ் பி. ஜான்சன். பெஸ்ஸி நடித்த ஒரே படம் அது. கதை அந்தக் காலத்து வார்ப்புதான், சூதாட்டம், துரோகம் எல்லாம் உண்டு. ஆனால் அந்தக் குரல் அந்த உடம்பை விட்டு ஓர் அங்குலம் நகராது. கேள்வி கேட்டவர் பக்கம் ஒரு ஓட்டுப் போட வேண்டுமானால் இந்தப் படத்துக்காகப் போடுவேன்.

அதே டட்லி மர்ஃபி 1941இல் சவுண்டீஸுக்கும் சில படங்கள் எடுத்தார் என்பது தனி வேடிக்கை.

24 ஜூன் 2022

எலிங்டன் மட்டும் எப்படியோ இந்தக் கோலங்களில் சிக்காமல் நழுவிவிடுகிறார். 1935இல் பாரமவுண்டுக்காக ஃபிரெட் வாலர் எடுத்த ‘சிம்பனி இன் பிளாக்’ படத்தில் அவர் தனி அறையில் உட்கார்ந்து இசை எழுதுகிறார். முழு உடையில் குழுவை நடத்துகிறார். இருபது வயதுகூட நிரம்பாத பில்லி ஹாலிடே ஒரு சின்னப் பகுதியில் வந்து பாடிவிட்டுப் போகிறார். அந்த ஃபிரெட் வாலர்தான் பின்னாளில் சினிராமா அகலத்திரையைக் கண்டுபிடித்தவர்.

1942இன் ‘ஜாம் செஷன்’ சவுண்டியும் அப்படித்தான். ‘சி ஜாம் ப்ளூஸ்’ மெட்டு. ஒரு சாப்பாட்டுக் கடை, எலிங்டன் பியானோவில் ஆரம்பிக்கிறார், ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். ரே நான்ஸ் வயலினோடு, ரெக்ஸ் ஸ்டூவர்ட், பென் வெப்ஸ்டர், டிராம்போனில் ஜோ நான்டன், கிளாரினெட்டில் பார்னி பிகார்ட். மொத்தமும் நடிப்பு. ஆனாலும் வேலை முடிந்து நடுராத்திரி கூடும் வாத்தியக்காரர்கள் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வை அதில் இருக்கிறது. அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது.

29 ஜூன் 2022

ஒரு நடைமுறை விஷயம், இதற்காகவே தனி இழை போடலாம்.

பானரம் அலமாரிக்குள் இடம் குறைவு. புரொஜெக்டர் ஒளியைக் கண்ணாடிகளில் அடித்துத் திருப்பித் திரையின் பின்பக்கம் விழச்செய்வார்கள். அதனால் சவுண்டீஸ் பிரதிகளை இடவலம் மாற்றி அச்சிட்டார்கள், இயந்திரத்தில் ஓடும்போது நேராகிவிடும். அந்தப் பிரதியைச் சாதாரண புரொஜெக்டரில் ஓட்டினால் எல்லாம் இடவலம் மாறித் தெரியும். எழுத்து வரும் இடத்தில் கண்டுபிடித்துவிடலாம். தலைப்பை வெட்டிவிட்டு இணையத்தில் ஏற்றிய துண்டாக இருந்தால்?

நான் செய்வது இதுதான். ட்ரம்பெட்காரரின் கையைப் பார்ப்பேன். வால்வை வலது கையால்தான் அழுத்த வேண்டும். ஒட்டுமொத்த வரிசையும் இடது கையால் அழுத்தினால் படம் திரும்பியிருக்கிறது. ட்ரம்பெட் இல்லையென்றால் டிராம்போன், ஸ்லைடு இழுப்பது வலது கை. அதுவும் இல்லையென்றால் ஆண்களின் கோட்டு, இடப்பக்கம் மேலே வந்து வலப்பக்கம் மூடும். கிடாரை மட்டும் நம்பாதீர்கள், இடது கைக்காரர்கள் உண்டு. பியானோவில் தாழ்ந்த ஸ்வரம் இடப்பக்கம் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் கேமரா எதிர்ப்பக்கம் இருந்தால் ஒரு நிமிடம் மண்டை குழம்பும்.

பியானோக்காரர் ஃபாட்ஸ் வாலர் 1941இல் செய்த நான்கு படங்களில் இப்படிச் சோதித்துப் பாருங்கள், நல்ல பயிற்சி. ஆனால் கையைப் பார்க்க உட்கார்ந்தால் அவர் புருவத்தை உயர்த்தி நம் கவனத்தைத் திருடிவிடுவார். இரண்டு வருடம் கழித்து, 1943 டிசம்பரில், ரயிலில் போகும்போது கான்சாஸ் சிட்டி அருகே இறந்துபோனார். முப்பத்தொன்பது வயது.

2 ஜூலை 2022

“ஜீன் க்ரூப்பா படத்தை விட்டுவிட்டீர்களே” என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். விடவில்லை, தள்ளிப்போட்டேன்.

‘லெட் மீ ஆஃப் அப்டவுன்’, 1942. வெள்ளையர் குழு, டிரம்ஸில் தலைவர் க்ரூப்பா. பாடுவது அனிதா ஓ’டே, வெள்ளைக்காரப் பெண். ட்ரம்பெட் ராய் எல்ட்ரிட்ஜ், கறுப்பினத்தவர். இருவரும் நேருக்கு நேர் நின்று கேலியாகப் பேசிக்கொள்கிறார்கள். பிறகு அவர் சொல்ல, இவர் ஊதுகிறார். இன்றைக்குப் பார்த்தால் இரண்டு சகாக்கள் அரட்டை அடிப்பது போலத்தான் தெரியும். 1942 அமெரிக்காவில் ஒரே சட்டகத்தில் இவர்கள் இப்படி நிற்பது சாதாரணம் இல்லை. வெள்ளையர் குழுவோடு ஊர் ஊராகப் போன எல்ட்ரிட்ஜுக்கு, மேடையில் கைதட்டிய அதே ஊரில் ஓட்டல் அறை கிடைக்காது, சாப்பாட்டுக் கடையில் உள்ளே விடமாட்டார்கள்.

அந்த ட்ரம்பெட் சோலோவைப் பற்றி ஒரு வார்த்தை. மேல் ஸ்தாயியில் அவர் ஏறும் இடம் என் இளமையில் என்னால் எட்ட முடியாத இடம். இப்போது பேச்சே இல்லை.

3 ஜூலை 2022

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது ‘ஜாமின் த ப்ளூஸ்’ கிடாரிஸ்ட் பார்னி கெஸல். அந்தக் குழுவில் வெள்ளைக்காரர் அவர் ஒருவர்தான். ஸ்டுடியோவுக்குக் கலப்புக் குழுவைக் காட்டப் பிடிக்கவில்லை. கிரான்ஸ் அவரை நீக்க ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் கெஸலை நிழலில் உட்காரவைத்தார்கள். நெருக்கத்தில் வரும் கைகளுக்கு பெர்ரிப் பழச்சாறு பூசிக் கறுப்பாக்கினார்கள் என்று சொல்வார்கள்.

ஆக 10 சென்ட் அலமாரிப் படத்தில் எல்ட்ரிட்ஜும் ஓ’டேயும் முழு வெளிச்சத்தில் நிற்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து, ஆஸ்கர் பரிந்துரை வரை போன கலைப்படத்தில் ஒருவர் இருட்டில் உட்கார வேண்டியிருக்கிறது. கேள்வி கேட்டவர் எது நிஜம், எது பொய் என்று பிரித்த பட்டியலில் இதை எங்கே வைப்பார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

அதற்காக ‘ஜாமின் த ப்ளூஸ்’ மேல் எனக்குக் கோபம் என்று நினைத்துவிட வேண்டாம். முதல் ஷாட்டில் திரையில் இரண்டு வட்டங்கள், என்னவென்றே தெரியாது. மெல்லத் தலை நிமிரும்போதுதான் அது லெஸ்டர் யங்கின் தொப்பி என்று தெரியும். அதே வருடக் கடைசியில் அவரை ராணுவத்தில் சேர்த்தார்கள். அடுத்த வருடம் கஞ்சா வைத்திருந்தார் என்று ராணுவ நீதிமன்றம் தண்டித்துச் சிறையில் போட்டது. அந்தப் பத்து நிமிடப் படம் அவரை அதற்குச் சற்று முன்னால் பிடித்துவைத்திருக்கிறது. அதில் பாடி ஆடும் மேரி பிரையன்ட்டை எங்கோ பார்த்தது போல இருந்தால், எலிங்டனின் ‘ப்ளி-ப்ளிப்’ சவுண்டியில் பார்த்திருப்பீர்கள். சிட் கேட்லெட்டும் அப்படியே, 1942இல் ஆர்ம்ஸ்ட்ராங் சவுண்டீஸில் டிரம்ஸ் வாசித்தவர் இங்கேயும் வருகிறார். உயர்ந்த கலை, மலிவுச் சரக்கு என்று நாம்தான் பிரிக்கிறோம். வேலைக்குப் போனவர்கள் அதே ஆட்கள்.

9 ஜூலை 2022

கேள்வி கேட்டவரிடமிருந்து பதில் வந்திருக்கிறது. “பெஸ்ஸி ஸ்மித்துக்கு ஓட்டுப் போட்டதற்கு நன்றி, எலிங்டனை ஒப்புக்கொள்கிறேன், மற்றபடி என் கருத்தில் மாற்றம் இல்லை” என்கிறார். சரி.

ஆனால் அவர் சேர்த்துக் கேட்டது நல்ல கேள்வி: ஒரே ஒரு சவுண்டி பார்க்க நேரம் இருந்தால் எதைப் பார்ப்பது?

நான் எலிங்டனைச் சொல்லப்போவதில்லை. அவர் எப்படியும் கிடைப்பார். இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம் குழுவின் ‘ஜம்ப் சில்ட்ரன்’ பாருங்கள். 1946இல் வில்லியம் அலெக்சாண்டர் என்ற கறுப்பினத் தயாரிப்பாளர் எடுத்தது. முழுக்கப் பெண்கள் குழு. மிசிசிப்பியில் பைனி வுட்ஸ் என்ற பள்ளியில் ஆரம்பித்து, பிறகு பள்ளியை விட்டுப் பிரிந்து சொந்தக் காலில் நின்றது. பல இனப் பெண்கள் ஒன்றாக வாசித்தார்கள். தென் மாநிலங்களில் இதுவே சட்ட விரோதம், அதனால் வெள்ளைக்காரப் பெண்கள் மேடையில் முகத்துக்குக் கறுப்பு மை பூசிக்கொண்டதும் உண்டு. பேருந்திலேயே சாப்பிட்டு, பேருந்திலேயே தூங்கினார்கள்.

அவர்கள் பதிவு செய்த ரிக்கார்டுகள் மிகக் கொஞ்சம். ஆக, ரிக்கார்டைக் கேட்டுக்கொள்ளலாம் என்று இங்கே சொல்ல முடியாது. அன்னா மே வின்பர்ன் முன்னால் நின்று நடத்துகிறார், பாடுகிறார். வை பர்ன்சைடின் டெனர் சாக்ஸ் வரும்போது ஒலியைக் கூட்டிவையுங்கள். டிரம்ஸில் பாலின் பிரடி. மூச்சைப் பாருங்கள் என்று மேலே சொன்னேன் இல்லையா, ட்ரம்பெட் வரிசையில் போய்ப் பாருங்கள்: தோள் ஏறி இறங்குவது பதிவோடு பிசகாமல் பொருந்தும்.

9 ஜூலை 2022, இரவு

யாரோ ஸ்கோபிடோன் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1960களில் பிரான்சில் இருந்து வந்த வண்ண அலமாரி, காந்த ஒலித்தடம், விரும்பிய பாட்டைத் தேர்ந்தெடுக்கலாம். பானரத்தின் பெரிய குறை தீர்ந்த நேரத்தில் ஸ்விங் போய்விட்டது. அதில் எனக்கு ஆர்வம் இல்லை, தெரிந்தவர்கள் புது இழை தொடங்குங்கள்.

திரும்பிய படத்தைக் கண்டுபிடிக்கும் குறிப்புகள் இன்னும் இருந்தால் மட்டும் இங்கேயே போடுங்கள். சாக்ஸபோனுக்கு ஒரு வழி வேண்டும். எந்தக் கை மேலே என்பது எனக்கே பார்த்தவுடன் பிடிபடுவதில்லை.